காகிதம் இல்லாதவன் காணி இல்லாதவனா?

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானியை வடபுலத்து மக்கள் அவ்வளவு விரைவில் மறந்துவிடமாட்டார்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வெளியிடப்பட்ட அந்த அறிவித்தல் யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர், மன்னாரில் 54 ஏக்கர் என மொத்தம் 5,941 ஏக்கர் நிலத்தைக் குறிப்பிட்டது. மூன்று மாதங்களுக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் அவை அரச காணிகளாகப் பிரகடனம் செய்யப்படும் என்றது. நமது ஊர்க் கணக்கில் யாழ்ப்பாணத்துப் பங்கு மட்டும் ஐம்பத்தெட்டாயிரம் பரப்புக்கும் அதிகம்.

எதிர்ப்புக் கிளம்பியது. சட்டத்தரணி எம். ஏ. சுமந்திரன் உச்ச நீதிமன்றம் சென்றார். ஜூன் மாத இறுதியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானியை மீளப்பெறுவதாக அரசாங்கமும் அறிவித்தது. நமது அரசியல்வாதிகள் வெற்றி என்றார்கள், பத்திரிகைகள் தலைப்பிட்டன, அத்துடன் விடயம் ஓய்ந்தது.

எனக்கு அந்த வெற்றியில் முழு மகிழ்ச்சி இல்லை. ஏனெனில் அந்த மூன்று மாதங்களும் ஓர் உண்மையை வெட்டவெளிச்சமாக்கின. நிலம் நம்முடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நம்முடையது என்று காட்டுவதற்கான காகிதம் எங்கே இருக்கிறது, அதை எவரிடம் கேட்பது, எப்படிப் பெறுவது என்பது கிராமத்து மக்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. வர்த்தமானி போய்விட்டது. அந்தத் தெரியாமை அப்படியே இருக்கிறது. நாளை வேறு பெயரில், வேறு இலக்கத்தில் இன்னொரு வர்த்தமானி வந்தால் மீண்டும் கொழும்பு நீதிமன்றத்தின் வாசலில்தான் நிற்போம்.

இந்த ஆயுதம் புதியதல்ல. பயிரிடப்படாத நிலமெல்லாம் முடிக்குரியது என்ற அனுமானத்தை 1840ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயன் சட்டமாக்கினான். 1897இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆண்டவன் மாறினான், கொடி மாறியது, சட்டப் புத்தகம் மாறவில்லை. நிலத்தை உழுதவன் தனது உரிமையைக் காகிதத்தில் நிரூபிக்கவேண்டும், அரசு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்பதே இச்சட்டங்களின் உயிர்நாடி.

சரி, நிரூபிக்கட்டும் என்கிறீர்களா? எதைக்கொண்டு நிரூபிப்பது?

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடிய மக்கள் உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடினார்கள்? அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்களே, அவர்கள் கையில் எந்த ஆவணம் எஞ்சியிருந்தது? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் செம்மணி வீதியால் நடந்தார்கள். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களைத் துடைத்துச் சென்றது. சிலருடைய உறுதிகள் இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. சிலருடைய உறுதிகள் சாம்பலாகிவிட்டன. இவ்வளவும் தெரிந்த ஓர் அரசு, மூன்று மாத அவகாசம் தந்து ஆவணங்களுடன் வா என்று சொல்வது நிருவாகமன்று; பொறி.

ஆயினும் உறுதி எரிந்தால் உரிமை எரிந்துவிடுவதில்லை. இதை நமது மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே எனது முதற் குற்றச்சாட்டு. நொத்தாரிசு முன்னிலையில் ஓர் உறுதி எழுதப்படும்போது மூலப்பிரதி காணிச் சொந்தக்காரரிடம் போகிறது. இன்னொரு பிரதியை நொத்தாரிசு தனது கோவையில் வைத்திருக்கிறார். இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்பிவைக்கவேண்டியது அவரது சட்டக் கடமை. உறுதி பதியப்பட்டிருந்தால் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி காணிப் பதிவகத்தின் ஏதோ ஒரு தொகுதியில், ஏதோ ஒரு பக்கத்தில் அந்தக் காணியின் கைமாற்ற வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுப் பெட்டகம் அழிந்தாலும் அரசின் பெட்டகத்தில் சாட்சி இருக்கக்கூடும்.

இருக்கக்கூடும், எடுப்பது எப்படி? தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் தெரிந்தவனுக்குத் தேடல் சுலபம். அவ்விரண்டும் எழுதப்பட்டிருந்ததோ தொலைந்துபோன அதே உறுதியில்! பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. எனவே கிராமத்து மனிதர் தரகர் ஒருவரைத் தேடுகிறார். தரகர் கேட்ட பணத்தைக் கொடுக்கிறார். கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் தலைவிதி. அரசின் புத்தகத்தில் தனது பாட்டனின் பெயரைப் பார்ப்பதற்கு ஒரு குடிமகன் தரகருக்குக் கூலி கொடுக்கவேண்டிய நிலையைச் சேவை என்று அழைக்க எனது பேனா மறுக்கிறது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஜே/1 என்று தொடங்கும் இலக்க வரிசை நெடுந்தீவிலிருந்தே ஆரம்பிக்கிறது. அந்த முதல் இலக்கத்துக்குரிய மக்கள் யாழ்ப்பாண நகரத்து அலுவலகம் ஒன்றுக்கு வருவதானால் குறிகாட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்து பிடித்து, வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் மாலைப் படகுக்குத் திரும்பவேண்டும். 'இந்தப் படிவம் சரியில்லை, நாளைக்கு வாங்கோ அம்மா' என்று உத்தியோகத்தர் சர்வசாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தையின் விலை, தீவுப்பகுதித் தாய்க்கு ஒரு முழுநாள் கூலியும் பயணச் செலவும். குளிர்ந்த அறையில் இருப்பவருக்கு அந்தக் கணக்குத் தெரிவதில்லை.

கிராம அலுவலரை நமது முதியவர்கள் இன்றும் விதானையார் என்றே அழைக்கிறார்கள். விதானைமார் முறை 1963இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் ஒழியவில்லை. காரணம் இருக்கிறது. வதிவிடச் சான்றிதழுக்கும் அவர்தான், அடையாள அட்டைக்கும் அவர்தான், நிவாரணப் பட்டியலுக்கும் அவர்தான். அவர் எழுதியதற்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெறவேண்டும். ஒரு சான்றிதழுக்கு இரண்டு அலுவலகம், இரண்டு பயணம். எந்தச் சேவைக்கு எந்தெந்த ஆவணம் வேண்டும், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஒரு பலகையில் தெளிவான தமிழில் எழுதி வாசலில் தொங்கவிட்டால் பாதிப் பயணங்கள் குறைந்துவிடும். பெயின்ற் வாளி ஒன்றும் பலகை ஒன்றும் வாங்க உலக வங்கியிடம் கடன் பெறவேண்டியதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரை எண்ணிப் பாருங்கள். தேசவழமைச் சட்டத்தின்படி, தனது சொந்தச் சீதனக் காணியைக்கூட மணமான பெண் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. கணவன் எங்கே? அதைத்தானே அவள் இத்தனை ஆண்டுகளாக அரசிடம் கேட்கிறாள்! கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம் என 1911ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்காகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஏற்பாடு 2016இல் சட்டமாக்கப்பட்டது. வழிகள் உண்டு. ஆனால் இந்த வழிகளை அந்தப் பெண்ணின் படலைக்குச் சென்று சொன்ன உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்? மேடைதோறும் அவளது கண்ணீரைப் பேசிய அரசியல்வாதிகளில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

இங்கேதான் எனது இரண்டாவது குற்றச்சாட்டு வருகிறது. இது கொழும்பின் மீதானதன்று, நம்மவர் மீதானது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இருந்தன. தேர்தல் வை என்று நாம் குரல் கொடுத்தோம், நியாயமான குரல். ஆனால் பிரதிநிதிகள் இருந்த காலத்தில் இந்தச் சபைகள் தமது கூட்ட அறிக்கைகளையும் வரவு செலவுக் கணக்கையும் கிராமத்தவன் பார்க்கும் இடத்தில் வைத்தனவா? நமது வரிப்பணத்தில் நமது மொழியில் நம்மவரே நடத்தும் சபையில் கதவு மூடியிருந்தால் அதற்கும் சிங்களப் பேரினவாதம்தான் காரணமா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. தகவல் கேட்பவர் காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. உலகம் மெச்சிய சட்டம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதேச சபையில் (பெயர் வேண்டாம்) ஒரு குச்சொழுங்கைத் திருத்த வேலையின் மதிப்பீட்டைக் கேட்டு விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தை வாங்கிய உத்தியோகத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இது உங்களுக்கு என்னத்துக்கு ஐயா?' என்று கேட்டார். அவர் கெட்டவரல்லர். அரசாங்கத்தின் கோவை அரசாங்கத்தின் சொத்து என்று நம்பப் பழக்கப்பட்டவர். கோவை மக்களுடையது, தான் அதன் காவலாளி மாத்திரமே என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. என்னைப் போன்ற பழைய பத்திரிகைக்காரனையே அப்படிக் கேட்பவர், சேற்றுக் காலோடு வரும் கமக்காரனை எப்படிக் கேட்பார்?

அதே சட்டத்தில் இன்னொரு கூரான இடம் இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைக் குறைந்தது பத்து ஆண்டுகளும், புதிதாக உருவாகும் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளும் பொது அதிகாரசபைகள் பேணவேண்டும் என்கிறது அது. முதலாவது பத்தாண்டுக் கணக்கு 2027 பெப்ரவரியில் நிறைவுறுகிறது. வேறு சட்டங்களின் பாதுகாப்பு உள்ள பதிவேடுகள் தப்பும். மற்றவை? கறையான் அரித்த பழைய கோவைகளை இடநெருக்கடி என்ற பெயரில் எரிப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களை எரித்தவர்களை நாம் இன்றும் சபிக்கிறோம்; சபிக்கத்தான் வேண்டும். ஆனால் தீயில்லாமலே மெல்ல மெல்ல அழியும் கிராமத்து ஏடுகளுக்காக எவர் கண்ணீர் வடிக்கிறார்? 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய முயற்சி, தன்னார்வலர்களின் உழைப்பால் நமது நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திக் காத்துவருகிறது. சம்பளமில்லாத இளைஞர்களால் இயன்றது சம்பளம் பெறும் திணைக்களங்களால் ஏன் இயலாது?

இந்தியாவைப் பாருங்கள். அங்கே தகவல் உரிமை டில்லியில் பிறக்கவில்லை. ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் அருணா ராயும் கூலித் தொழிலாளரும் 1994 முதல் பொது விசாரணைக் கூட்டங்கள் நடத்தினார்கள். கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அந்தக் குரலே 2005இல் நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று. தமிழகத்தில் பட்டாவையும் சிட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் கிராமத்தவர் இணையத்திலேயே பார்க்கமுடிகிறது. அங்கும் இலஞ்சம் உண்டு, தரகர் உண்டு. ஆனால் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது பரமரகசியமாக இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சியொன்றுமன்று.

ஒன்று: காணிப் பதிவகமும் நில அளவைத் திணைக்களமும் பிரதேச செயலகமும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், கிராமம் கிராமமாக வந்து உட்காரவேண்டும். நடமாடும் சேவை என்ற பெயரில் மாலை மரியாதையோடு நடக்கும் அரைநாள் திருவிழா வேண்டாம். உறுதி தொலைத்தவரின் பதிவைத் தேடி, சான்றுப்படுத்திய பிரதியைக் கையில் கொடுக்கும் வரை ஓயாத சேவை வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு பிரதேச சபையும் மாதந்தோறும் கூட்ட அறிக்கையையும் கணக்கையும் தமிழில் வெளியிடவேண்டும். கேட்டால் தருவோம் என்பது போதாது, கேட்காமலே தரவேண்டும்.

மூன்று: பழைய பதிவேடுகள் அனைத்தும் படம்பிடிக்கப்பட்டு, அவற்றின் பிரதி யாழ்ப்பாணத்திலேயே மக்கள் பார்வைக்கு இருக்கவேண்டும். அதுவரை ஒரு தாளும் அழிக்கப்படக்கூடாது.

நான்காவது நமக்கானது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகை வாசித்து அரசியல் பேசி வளர்ந்த சமூகம் நாம். அந்த மேசையில் பத்திரிகைக்குப் பக்கத்தில் தகவல் உரிமை விண்ணப்பப் படிவக் கட்டு ஒன்று கிடக்கட்டும். ஊரின் காணியைத் தொடும் வர்த்தமானி வந்தால் அன்றே சுவரில் ஒட்டப்படட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இல்லாத ஊர் எது? கிழமைக்கு ஒரு மாலை அவர்கள் அங்கே அமர்ந்து, எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கோயில் கோபுரத்துக்கு இலட்சங்கள் அனுப்பும் நமது உறவுகள், தமது பெட்டியில் கிடக்கும் பழைய உறுதிகளைப் படம்பிடித்து ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பட்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நிலத்துக்காக இரத்தம் சிந்திய மண் இது. அந்த நிலத்தின் பெயர் எந்த ஏட்டில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவதற்கு ஒரு பேனாவும் சற்றுப் பொறுமையும் போதும். அதைக்கூடச் செய்யாமல் அடுத்த வர்த்தமானிக்காகக் காத்திருப்போமானால், நிலத்தைப் பறித்தவனை மட்டும் குற்றவாளியென்று வரலாறு எழுதாது.