பத்தாயிரம் காலடி

கல்முனைக்குடியில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் ராத்தா ஒருவரைச் சென்ற மாதம் பார்க்கப் போனேன். சுபஹுத் தொழுததும் மருமகளோடு கடற்கரைப் பக்கம் நடந்து வந்தவர், நடையை விட்டுவிட்டாராம்.

"எவ்வளவு நடந்தாலும் இந்தப் போனுக்குக் காணாது தங்கச்சி. ஐயாயிரத்தைத் தாண்டுதில்ல. பத்தாயிரத்துக்கு நான் நிந்தவூர் மட்டும் நடக்கோணும்!"

சகோதரிகளே, இந்தப் பத்தாயிரம் வைத்தியர் எழுதித் தந்த அளவல்ல. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்த கையோடு, 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மன்போ-கெய்', பத்தாயிரம் காலடி மானி என்று பொருள். கருவி கைக்கடிகாரத்துக்குள்ளும் போனுக்குள்ளும் புகுந்தபோது அந்த எண்ணும் கூடவே புகுந்துவிட்டது.

அமெரிக்காவில் 16,741 பெண்களின் நடையை அளந்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 72. நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட, 4,400 நடந்தவர்களிடையே மரண வீதம் 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல் பலன் கூடவில்லை. (திடகாத்திரமானவர்களே அதிகம் நடந்திருக்கவும் கூடும்தான்.)

இன்னொன்று. போன் அலுமாரியில் கிடக்க, நாம் முற்றம் கூட்டி, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடக்கும் நடை அதன் கணக்கில் வருவதேயில்லை.

கிளினிக்கில் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லி, போனின் இலக்கை 5,000 ஆக மாற்றிக் கொடுத்தேன். ராத்தா திரையை உற்றுப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் பாஸ்தானே?"