வண்டி துடைத்த பனியன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரைத் துடைக்கலாம் என்று சீட்டைத் தூக்கினால், உள்ளே மஞ்சளாக ஒரு துணி. கிரீஸும் புழுதியுமாகச் சுருண்டு கிடந்தது. விரித்துப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பெர்சே பனியன்! 2015 ஆகஸ்டில் கோலாலம்பூர் வீதியில் 34 மணி நேரம் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒருவனாக என் சித்தி மகன் போட்டிருந்தது. கிள்ளானிலிருந்து வந்தபோது, "வச்சுக்குங்கண்ணே, ஞாபகமா இருக்கட்டும்" என்று தந்துவிட்டுப் போனான்.

வீட்டில் விசாரணை வைத்தேன். "வருஷக்கணக்கா அலமாரியில மடிச்சது மடிச்சபடி கிடந்துச்சு. ஒருநாள் போட்டிருப்பீங்களா? போட்டாலும் வயித்தைத் தாண்டி இறங்காது. நல்ல பருத்தி, தண்ணிய அப்படியே இழுக்குது" என்றாள் மனைவி. மூன்று வாதமும் உண்மை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

மலேசியாவில் நேர்மையான தேர்தல் கேட்டுப் போராடும் கூட்டியக்கம்தான் பெர்சே. மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுத்தம் என்று பொருள். "அப்ப அது அதோட வேலையைத்தானேப்பா பார்க்குது?" என்று மகன் வேறு கேட்டான். நான் சிரிக்கவில்லை.

இந்த வாரம் எழுத நினைத்திருந்தது வேறு. மனித உரிமையையும் ஜனநாயகத்தையும் காப்பதற்காக 38 அமைப்புகள் ஒன்றுசேர்ந்திருப்பதாக ஒரு துண்டறிக்கை தபாலில் வந்திருந்தது. அதைப் பற்றி எழுதுவதாகப் போன வாரக் கடைசி வரியில் வாக்குக் கொடுத்திருந்தேன். லெட்டர் பேடு அமைப்புகள் மீது எனக்குள்ள தீராத எரிச்சல் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஒரே வீட்டு முகவரி இருக்கும். நோட்டீசில் 38 பெயர், அரங்கில் 17 தலை, அதில் நான்கு மைக் செட்டுக்காரர்கள். முன்பு இதை எழுதியதற்காகத் திட்டி வந்த கடிதங்களில் பாதி, சொன்னால் நம்புங்கள், லெட்டர் பேடில்தான் வந்தன. அதுகூடப் பரவாயில்லை. இந்த முறை வந்த துண்டறிக்கையின் முதல் கோரிக்கை, எல்லா வடிவ ஒடுக்குமுறையையும் உடனே ஒழிக்க வேண்டும் என்பது. இதைப் படித்து எந்த அதிகாரிக்குத் தூக்கம் கெடும்? எந்தக் கோப்பில், எந்தப் பத்தியில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்?

பெர்சேவைப் பார்த்து நான் வாய் பிளந்தது அந்த இடத்தில்தான். 2006இல் தொடங்கியபோது அதில் எதிர்க்கட்சிகளும் இருந்தன. 2007 நவம்பரில் முதல் பேரணி. 2010இல் கட்சிகளை வெளியே நிறுத்திவிட்டுக் குடிமக்கள் அமைப்புகள் மட்டும் சேர்ந்து மறுபடி கட்டினார்கள். 62 அமைப்புகள். தலைமைக்கு வந்தவர் வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவி அம்பிகா சீனிவாசன், நம் தமிழ்ப் பெண். கோரிக்கைகள் எட்டு. வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய், தபால் ஓட்டு முறையைத் திருத்து, பிரசாரத்துக்குக் குறைந்தது 21 நாள் கொடு என்று போகிற அந்தப் பட்டியலில் ஒன்று: ஓட்டுப் போட்டவர் விரலில் அழியாத மை வை.

மை! 62 அமைப்புகள் கூடி, தலைநகரத்து வீதியில் இறங்கி, கண்ணீர்ப்புகையில் இருமி, மை கேட்டார்கள்.

அதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். 2011 ஜூலை 1 அன்று உள்துறை அமைச்சர் பெர்சேவைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தார். ஜூலை 9 பேரணியில் 1,600 பேருக்கு மேல் கைது. அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2012 ஏப்ரலில் மூன்றாவது பேரணி நடந்தபின், வியாபாரம் கெட்டது என்று சொல்லி அம்பிகா வீட்டு வாசலில் சிலர் பர்கர் கடை போட்டார்கள். இன்னும் சில நாளில் முன்னாள் ராணுவத்தினர் சிலர் அதே வாசலுக்கு வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பின்புறத்தை ஆட்டி உடற்பயிற்சி செய்தார்கள். கற்பனை இல்லை, படமெடுத்துச் செய்தியாகவும் போட்டார்கள். நம் ஊர்த் தெருச்சண்டையில்கூட இந்த ஆசனத்தை நான் பார்த்ததில்லை.

என் பனியனுக்கும் இதில் பங்குண்டு. 2015 பேரணிக்கு முன்பு, 'பெர்சே 4' என்று எழுதிய மஞ்சள் உடைகளை அரசு தடை செய்தது. எந்தச் சட்டத்தின் கீழ் என்கிறீர்கள்? அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். அதாவது என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடந்தது வெறும் துணியல்ல, ஓர் அரசு தடைசெய்த வெளியீடு. ஆகஸ்ட் 29, 30 இரண்டு நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் பல்லாயிரம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். முன்னாள் பிரதமர் மகாதீரே கூட்டத்துக்கு வந்து போனார். அவர் ஆண்ட காலத்தில் இப்படி ஒரு பேரணியை விட்டிருப்பாரா என்பது வேறு கதை.

மைக்கு வருகிறேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்த மைமேல் ஒரு பிரமை.

எங்கள் அப்பத்தா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் அன்று முழுக்க அந்த விரலை யாருக்கும் காட்டாது. "சாமான்ய காரியமா, கவருமெண்டு காரியம். அதுக்கு அடையாளத்தைக் கொண்டாந்து பீச்சாங்கையில வைக்கிறான் பாரு" என்று குறைப்படும். நான் முதல் ஓட்டுப் போட்டது 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில். ஓட்டு வயது அப்போதும் 21தான். படித்த பள்ளிக்கூடத்திலேயே வாக்குச்சாவடி. நகமும் தோலும் சேரும் இடத்தில் ஊதாவாக ஒரு பொட்டு வைத்தார்கள். வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் கறுத்திருந்தது. அப்பத்தாவிடம் நீட்டினேன். தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒனக்கு அழுத்தி வச்சிருக்கான்" என்றது. அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

வெயில் பட்டால் கறுப்பதுதான் அதன் சூட்சுமம். மைக்குள் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலின் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிவிடும். வெளிச்சம் பட்டால் கறுக்கும். பழைய ஃபிலிம் சுருளில் படம் பிடித்த வெள்ளி உப்புகளின் சொந்தக்காரன். தோலில் ஏறியது சில நாளில் உரிந்து போகும். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டும்வரை கூடவே இருக்கும். பப்பாளிப் பால், தீக்குச்சி மருந்து என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். விரல் புண்ணானதைப் பார்த்திருக்கிறேன், மை போய்ப் பார்த்ததில்லை.

இந்த மை வருவது மைசூரிலிருந்து. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937இல் தொடங்கிய அரக்கு, பெயின்ட் ஆலை இன்று கர்நாடக அரசு நிறுவனம். டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் கொடுத்த செய்முறைப்படி 1962 பொதுத்தேர்தல் முதல் நாடு முழுவதற்கும் அங்கிருந்துதான் போகிறது. கலவை விகிதம் ரகசியம். 10 மில்லி புட்டி ஒன்றில் ஏறக்குறைய 700 விரல். 2006லிருந்து பொட்டு போய்க் கோடு வந்துவிட்டது. இடது ஆள்காட்டி விரலின் நக நுனியிலிருந்து முதல் கணுவின் அடிவரை இழுக்க வேண்டும். என் விரலில் யாரும் ஒழுங்காக இழுப்பதில்லை என்பது என் நெடுநாள் புகார். இரண்டு தேர்தலுக்கு முன்பே எழுதிவிட்டேன், விடுகிறேன்.

மைசூர் மை 25க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. அந்தப் பட்டியலில் மலேசியாவும் உண்டு. ஆனால் அங்கே மை பட்ட பாடு! 2008 தேர்தலுக்கு மை வைக்கிறோம் என்று ஆணையம் முதலில் ஒப்புக்கொண்டது. மார்ச் 8 வாக்குப்பதிவு. மார்ச் 4 அன்று, மை கிடையாது, சட்டத்தில் சிக்கல் என்று கைவிரித்தது. கடைசியில் 2013 மே மாதம்தான் முதன்முறையாக விரலில் ஏறியது. அன்று மாலை கிள்ளானிலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணே, சோப்பு போட்டேன், போயிருச்சு லா!" குரலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஒருவரே விளக்கினார்: மையில் ரசாயனம் எதுவும் இல்லை, உணவுக்குப் போடும் சாயம்தான். அல்வாவுக்குப் போடுவதை விரலுக்கு வைத்திருக்கிறார்கள். ஆறேழு வருடம் தொண்டை கிழியக் கேட்டவர்களுக்கு, கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

நம் அரசுகள் இதில் வேறு ரகம். மையின் அருமை தெரிந்தவை, அதனால் கண்ட இடத்திலும் வைத்துவிடும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோது, வங்கியில் மாற்ற வந்தவர்கள் மறுபடி வரிசையில் நிற்காமலிருக்க விரலில் மை வைக்கச் சொன்னார்கள். இடது விரல் தேர்தலுக்கு என்பதால் வலது கைக்கு வந்தது. இடைத்தேர்தல் வருகிறது, குழப்பாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. நம் தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றத்தில் நவம்பர் 19 வாக்குப்பதிவு. அதே நாளில்தான் கோலாலம்பூரில் ஐந்தாவது பெர்சே பேரணி. அதற்கு முதல் நாளே அதன் தலைவி மரியா சின் அப்துல்லாவைப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே வைத்துவிட்டார்கள். 2020 கொரோனாவின்போது மகாராஷ்டிரத்தில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் கையில் முத்திரை குத்தியதும் இந்த அழியாத மையால்தான். குடிமகன் என்பதற்கு வைத்த அடையாளம், தள்ளி நில் என்பதற்கும் ஆனது. அப்பத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மலேசியாவில் 2018 மே 9, புதன்கிழமை ஓட்டு. தம்பி விரலைப் படமெடுத்து அனுப்பினான். 1957லிருந்து ஆண்ட கூட்டணி அன்று இரவு முதன்முறையாக ஆட்சியை இழந்தது. மையால்தான் விழுந்தது என்று சொன்னால் நானும் லெட்டர் பேடு ஆசாமி ஆகிவிடுவேன். 1எம்டிபி நிதி மோசடிக்கும் விலைவாசிக்கும் அதில் பெரிய பங்குண்டு. ஆனால் ஓட்டை எண்ணுவதில் கண் வைக்க அந்த மக்களைப் பழக்கியது பெர்சே.

38 அமைப்புகளைப் பற்றி எழுத இடம் இல்லாமல் போய்விட்டது. கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 17 தலைக்கு மேல் இருந்தால் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை, வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பலமுறை போய்வந்த நண்பர் ஒருவரிடம் பனியன் கதையைப் புலம்பினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், சாவடிக்குக் கொடுக்கிற சாமான் பட்டியல்ல ஒரு துணி இருக்கும், தெரியுமா? சில பேர் விரல்ல எண்ணெய் தடவிட்டு வருவான், மை ஒட்டாம இருக்க. அதைத் துடைச்சிட்டுத்தான் மை வைக்கணும். பழந்துணிதான்."

இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வழக்கில் தோற்றுவிடுவேன். பனியனைச் சோப்புப் போட்டு ஊறவைத்திருக்கிறேன். கிள்ளான் தம்பி அடுத்த மாதம் வருகிறான். மலேசிய வாசகர்கள் யாரிடமாவது பெர்சே 4 பனியன் சும்மா கிடந்தால் அலுவலக முகவரிக்கு அனுப்பிவைக்கவும். அளவு டபுள் எக்ஸ்எல்.