வாய் எச்சரிக்கையா? வாய்ப்பூட்டா?

"உன்னை எத்தனை தரம் எச்சரித்தாயிற்று?" என்று ஆலைகளிலும் கம்பெனிகளிலும் மேலதிகாரிகள் கேட்பதை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். தோழர்களே! அந்த எச்சரிக்கை என்றைக்குச் செய்யப்பட்டது? எந்தக் குற்றத்திற்கு? தொழிலாளி அதற்குச் சொன்ன சமாதானம் என்ன? இவற்றிற்கு ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா? கிடையாது. இருப்பதெல்லாம் அதிகாரியின் வாயும் தொழிலாளியின் காதுந்தான்.

ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தி வந்த ஒருவரை நாலு பேர் நடுவில் "ஏண்டா" என்றழைத்து, காரணமும் கேளாமல் வைது அனுப்புவதற்கு எச்சரிக்கை என்று பெயரானால், வசவுக்கு வேறு பெயர்தான் என்ன? தவறு இருந்தால் தனியே அழைத்து எடுத்துச் சொல்லட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. வேலைக்குத்தான் கூலி கொடுக்கிறார்களேயொழிய, மானத்தை விலைக்கு வாங்கிவிடவில்லை.

எழுத்தில் வைத்தால் தொழிலாளியின் பேர் கெட்டுவிடும், ஆகையால் வாயோடு விடுவது தயவு என்று சில முதலாளிமார் சொல்லுகின்றார்கள். மெத்தச் சரி. தயவானால் அன்றோடு மறந்துவிட வேண்டியதுதானே? வேலையைவிட்டு நீக்குகிற அன்று, "மூன்று தரம் எச்சரித்தோம்" என்று அதைக் கணக்கில் சேர்ப்பானேன்? தண்டனையானால் விசாரணை எங்கே?

1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழில் ஸ்தாபனங்களில் விதிகளை எழுதி, பெரும்பாலான தொழிலாளருக்கு விளங்கும் பாஷையில் வாசலருகே பலகையில் ஒட்டவேண்டும் என்றது. 2020-ம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ அந்த 100-ஐ 300 ஆக்கிற்று. எழுதிய விதி கட்டாயமில்லாத இடங்களில், விதியும் வாயில், எச்சரிக்கையும் வாயில்!

அன்றியும், 1963-ல் மைசூர் சர்க்கார் ஊழியர் ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பழைய குற்றங்களை வைத்துத் தண்டனையைக் கூட்டுவதானால், அதை முன்னதாகத் தெரிவித்துச் சமாதானம் சொல்ல இடங்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறிற்று. சர்க்கார் ஊழியருக்குச் சொன்ன அந்த நியாயம் ஆலைத் தொழிலாளிக்கு மாத்திரம் ஆகாதோ?

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. கணக்கில் சேர்க்கும் எச்சரிக்கையானால் குற்றம், தேதி, தொழிலாளியின் பதில் மூன்றையும் எழுதி, நகலை அவர் கையில் கொடுங்கள். இத்தனை மாதத்திற்குப் பின் அது செல்லாது என்றும் குறியுங்கள்.

தொழிலாளத் தோழர்களே! அவர்கள் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். வாயால் எச்சரித்த அன்றே தேதி போட்டு உங்கள் பதிலைக் கொடுத்து, ஒரு நகலைச் சங்கத்திலும் வையுங்கள். அப்புறம் "எத்தனை தரம்?" என்று அவர்கள் கேட்கட்டும், கணக்கு நம்மிடமும் இருக்கும்.