‘டேக்’ என்றால் ‘எடு’ தானா?

ஆங்கில வினைகளுள் ‘டேக்’ என்பது மிக எளிய சொல். ‘டேக் என்றால் எடு’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார், பிள்ளைகள் உருப்போடுகின்றனர். இந்த ஒற்றைச் சமன்பாடே பின்னர் இரு மொழிகளையும் கெடுக்கின்றது என்பது என் துணிபு.

ஆங்கிலேயன் மருந்து, தேநீர், புகையிரதம், பரீட்சை, ஓய்வு அனைத்துக்கும் அந்த ஒரு சொல்லையே ஆளுகிறான். தமிழரோ மருந்தை உட்கொள்கிறோம்; தேநீர் அருந்துகிறோம்; புகையிரதத்தில் ஏறுகிறோம்; பரீட்சைக்குத் தோற்றுகிறோம்; களைத்தால் இளைப்பாறுகிறோம். இத்தனை வினைகள் இருக்க, ‘பேருந்து எடுத்தேன்’, ‘குளியல் எடுத்தேன்’ என்று எழுதுவானேன்?

இதனால் ‘எடு’ என்பது வறிய சொல் என்று கொள்ளலாகாது. பசி எடுக்கின்றது, கள்வன் ஓட்டமெடுக்கின்றான், உயிர் பிறவி எடுக்கின்றது. இங்கெல்லாம் ‘டேக்’ என்று அப்படியே பெயர்த்துவிட இயலாது. பசி எடுத்ததை அச்சொல்லால் பெயர்த்தால், பசி எதையோ தூக்கிச் சென்றதென்றே ஆங்கிலேயன் கருதுவான்.

மாத்தளை மாவட்டத் தோட்டங்களைப் பாருங்கள். ரத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தேயிலை மலைகளிலே கொழுந்து எடுக்கிறார்கள். அதற்கு ஆங்கிலச் சொல் ‘பிளக்’. இறப்பர் மரத்திலே பால் வெட்டுகிறார்கள், அது ‘டாப்’. நாள் வேலையைக் கணக்கிற் பதிவது ‘பேர் போடுதல்’. வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. இச்சொற்களோடு வளரும் பிள்ளை, ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய வினை உண்டென்பதை இயல்பாகவே அறிந்திருக்கிறது. அதனைக் கொச்சை என ஒதுக்கிவிட்டு ‘டேக் என்றால் எடு’ என்று தொடங்கும் ஆசிரியர், கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு இருளிலே வழி காட்டுகிறார்.

செய்யவேண்டியது எளிது. வினையைத் தனியே கற்பியாமல், அது சேரும் பெயரோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ‘அம்மா மலையிலே என்ன செய்கிறார்?’ என்று முதலில் தமிழில் வினவி, பின்னர் அதற்குரிய ஆங்கில வினையைத் தருக.

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலேதான், வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது என்பர். மனனம் செய்தோர் மறைந்தால் போதனையும் மறையும் என்ற அச்சம் அதற்குக் காரணம் என்பர். தோட்டத்துத் தொழிற்சொற்களுக்கும் அதே நிலை வரலாம். மாணவர் தத்தம் இல்லங்களில் வழங்கும் வினைகளைக் கொப்பியில் தொகுக்கட்டும். ஆசிரியர் அவற்றுக்கு நேரான ஆங்கிலத்தை அருகே எழுதட்டும். இரு மொழிக்கும் பயன்படும் அகராதியொன்று அவ்வகுப்பிலேயே பிறந்துவிடும்.