விரைவும் மெய்யும்

“கருவி எதுவாயிருந்தால் என்ன? கலைஞனின் கண்ணன்றோ முதன்மை!” என்று கூறுவோர் நம்மிடையே பலர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால், கணிப்பொறியில் ஒளியும் பொருளின் தன்மையும் அமைக்கும் மாணவனுக்கு அது முழு உண்மையன்று. கருவி காட்டுவதைத்தானே அவன் கண் காண்கிறது? கருவி தவறாகக் காட்டினால் முடிவு எங்ஙனம் சரியாகும்?

கணிப்பொறி படம் தீட்டும் முறைகளுள் இரண்டை இங்கே எண்ணிப் பார்ப்போம். ஒன்று, ராஸ்டர் முறை. பொருள்களைச் சிறு முக்கோணங்களாக்கித் திரையில் நேரே பதிப்பது. நொடிக்குப் பல படங்கள் தரும். ஆனால், சுவரில் பட்டு மீளும் ஒளியை அது தானாக அறியாது. உத்திகளால் ஈடுசெய்ய வேண்டும். மற்றொன்று, பாத் டிரேசிங். 1986-இல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்ட முறை. ஒளி செல்லும் வழிகளிற் பலவற்றைப் பொறுக்கியெடுத்துச் சராசரி காண்பது. மெய்க்கு நெருங்கிய ஒளி கிடைக்கும். ஆனால் முதலில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு மாதிரிகள் வேண்டும். நேரமும் அதற்கேற்ப நீளும்.

விரைவான முறையில் ஓர் அறையை அமைக்கும் மாணவன் மூலை இருண்டிருக்கக் காண்கிறான். ஒரு விளக்கைச் சேர்க்கிறான். இறுதிப் படத்தை மெய்யான முறையில் தீட்டும்போது, மீள் ஒளியும் அவ்விளக்கும் சேர்ந்து அறை வெளிறிப் போகிறது. மெதுவான முறையை மட்டுமே நம்பியவனோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் காத்திருந்து சலித்து, பத்து வழிகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறைவடைகிறான். முன்னவனைப் பொய் கெடுத்தது. பின்னவனைக் காத்திருப்பு கெடுத்தது.

“தேர்ந்தவர் மீள் ஒளியை மனத்திலேயே கண்டுகொள்வர்” என்பர் சிலர். மெய்தான். 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ படத்தில் மீள் ஒளியின் சாயலைக் கலைஞர்களே விளக்குகள் வைத்து உண்டாக்கினர். ஆனால், அந்தத் தேர்ச்சி மெய்யான ஒளியைப் பலமுறை கண்டதனால் வருவதன்றோ? கற்கத் தொடங்குபவன் அதை எங்கே பெறுவான்?

ஆகவே நான் சொல்வது இதுதான்: கேள்விக்கேற்ற முறையைக் கொள்க. விளக்கை எங்கே வைப்பது என்பதற்குப் புள்ளி நிறைந்த, ஆனால் மெய்யான படமே போதும். ஒளி எங்கே திரள்கிறது என்பது அதிலேயே விளங்கும். படத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை காற்பங்காகும். காத்திருப்பும் ஏறக்குறைய அவ்வாறே குறையும். ஆனால் பித்தளையின் மெருகையோ பட்டின் இழையையோ தேர்வதற்கு அந்தப் படம் உதவாது. அங்கே சிறு பகுதியை மட்டும் தெளிவாகத் தீட்டிப் பார்க்க வேண்டும். புள்ளி நீக்கும் டீநாய்சர்களை அங்கே கண்மூடி நம்பற்க. அவை ஊகித்து நிரப்புவன. நுண்ணிய இழையையும் புள்ளியென்று கருதித் துடைத்துவிடக்கூடும்.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. நீதி பற்றியதும் ஆகும். விலையுயர்ந்த பொறி உடையவன் நூறு முறை திருத்துகிறான். இல்லாதவன் ஐந்து முறை. இறுதிப் படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டால், திறமைக்கன்று, பொறிக்கே மதிப்பெண் இடுகிறோம். மாணவன் செய்து பார்த்த சோதனைப் படங்களையும் ஆசிரியர்கள் கேட்டு வாங்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் நல்ல பொறிகள் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

நண்பர்களே! விலையின்றிக் கிடைக்கும் பிளெண்டரில் ஈவி என்னும் விரைவு முறையும் சைக்கிள்ஸ் என்னும் மெய்முறையும் ஒருங்கே உள்ளன. ஒரே அறையை இரண்டிலும் தீட்டி அருகருகே வைத்துப் பாருங்கள். எது எங்கே பொய் சொல்கிறது என்று அறிந்தவனே கருவியை ஆள்பவன். அறியாதவனைக் கருவி ஆளும்.