பனி தேசத்துக் கடிதம்: உறைந்த ஏரிக்குப் போக என்ன உடுப்பு?



மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேரன் மூவரும் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். "பிப்ரவரியில் சிம்கோ ஏரி உறைந்து கிடக்குமாம். அதன் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போகிறார்களாம். கேட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. போகாதே என்றால் கேட்கிற வயசா? போகட்டும், பத்திரமாகப் போய் வரட்டும். என்ன துணிமணி வேணும்? இங்கேயிருந்து எதை அனுப்பலாம்?" என்று கேட்கிறார்.

அந்த ஏரிக்குத் தெற்கே, காரில் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் நானும் பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஆகவே இந்தத் தடவை இதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

குளிர்காலத்தில் ஏரியின் மேல்பக்கம் கல் மாதிரி இறுகிவிடும். அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மீனும் இருக்கும். பெரிய திருகு போன்ற கருவியால் ஐஸில் சின்னத் தட்டு அகலத்துக்கு ஒரு துளை போட்டு, குட்டைத் தூண்டிலை உள்ளே விட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டியதுதான். பெர்ச், ஒயிட்ஃபிஷ், ட்ரவுட் எல்லாம் அகப்படும். பிப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமை இங்கே 'குடும்ப தினம்' விடுமுறை. அந்த வாரக் கடைசியில் கனடாவில் வசிப்பவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இந்த மாகாணத்தில் மீன் பிடிக்கலாம். புதிதாக வந்த குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு முதல் முதலாக ஐஸில் கால் வைப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பீரோவில் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். குளிருக்குக் கனம்தான் மருந்து என்று நினைப்பு. அப்படியில்லை, அம்மா. குளிரைவிடப் பொல்லாதது ஈரம். ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். தண்ணீர், காற்றைப்போல் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது.

அந்த ஈரம் ஏரியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு ஐஸில் அரை மணி நடந்தால் முதுகில் வேர்வை ஊறும். பிறகு மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறோம். அந்த வேர்வையே குளிர்ந்து எலும்பு வரை நடுக்கும். அதனால்தான் கழற்றவும் மாட்டவும் வசதியாக அடுக்கு அடுக்காக உடுத்தச் சொல்கிறார்கள். நடக்கும்போது நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். உட்காரும் முன் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று அடுக்கு

உடம்பை ஒட்டிய முதல் அடுக்கு பருத்தியாக இருக்கவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி அமிர்தம். ஆனால் அது வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். பனியன், காட்டன் சுடிதார், ஜீன்ஸ் மூன்றுமே ஏரிக்கு வேண்டாம். மெரினோ எனும் மெல்லிய கம்பளியோ, பாலியெஸ்டர் உள்ளாடையோ முழுக்கை, முழுக்கால் வைத்து வாங்குங்கள். மெரினோ அரிக்காது. குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும்.

இரண்டாவது அடுக்கு சூட்டைப் பிடித்து வைப்பது. கம்பளி ஸ்வெட்டரோ, ஃப்ளீஸ் எனும் பஞ்சு போன்ற துணியோ போதும். சூடு தருவது நூல் அல்ல, நூலுக்கு நடுவே அடைபடும் காற்று. ஆகவே இறுக்கிப் பிடிக்கிற ஸ்வெட்டரால் பயனில்லை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். பறவை இறகு அடைத்த கோட்டு அப்படியல்ல. உலர்ந்திருக்கும் வரை அது ராஜா, நனைந்தால் வெறும் கந்தல்.

மூன்றாவது அடுக்கு காற்றையும் தண்ணீரையும் தடுப்பது. தோளிலிருந்து மாட்டும் பேன்ட்டாக வாங்கினால், குனிந்து துளையைப் பார்க்கும்போது முதுகு திறந்துகொள்ளாது. முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் இரட்டைத் துணி இருக்கட்டும். 'தண்ணீர் ஒட்டாது' என்று எழுதியிருப்பது தூறலுக்குத்தான் ஆகும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதி, தையல்களின் மேல் உள்பக்கமாக நாடா ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். நிறம் ஆரஞ்சோ சிவப்போ இருக்கட்டும். வெள்ளைப் பனியில் விரைந்து வரும் ஸ்னோமொபைல்காரர் கண்ணில் பட வேண்டுமல்லவா?

காலும் கையும்

ஐஸ் மேலேயே பாதம் பதிந்திருப்பதால் முதலில் மரத்துப்போவது கால்விரல்தான். ரப்பர் அடியும், கழற்றக்கூடிய கம்பளி உள்ளுறையும் உள்ள பூட்ஸ் நல்லது. கெட்டிக் காலுறையைப் போட்டுக்கொண்டே கடையில் அளவு பாருங்கள். உள்ளே விரல்களை ஆட்ட முடியணும். இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். உட்காரும்போது காலடியில் ஒரு ரப்பர் பாயோ பலகையோ போட்டுக்கொண்டால் பாதிக் குளிர் குறையும். வழுக்காமலிருக்க, பூட்ஸின் மேல் மாட்டும் முள்பட்டையும் வேண்டும்.

கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள உறையைவிட, கட்டைவிரல் மட்டும் பிரிந்த உறைதான் கதகதப்பு. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். மீனைத் தொட்ட ஈரக்கையை உள்ளே நுழைக்காதீர்கள். சின்னத் துண்டு ஒன்றும், மாற்றுக் கையுறை ஒரு ஜோடியும் பையில் இருக்கட்டும். வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். வளையல் இருந்தால் உறை மணிக்கட்டை மூடாது. குளிரில் விறைத்த விரல் பிறகு வீங்கும்போது மோதிரம் இறுக்கும்.

ஊரிலிருந்து என்ன அனுப்பலாம்?

பேரனுக்குப் பாட்டி கையால் பின்னிய சாமான்தான். முழங்கால் வரை காலுறை, கட்டைவிரல் உறை, காதை மூடும் குல்லா, தலைவழியே மாட்டும் கழுத்துப்பட்டை. நம் குரங்குக் குல்லாவைக் கேலி செய்வார்கள், ஆனால் ஏரிக்கு அதுதான் சரி! கம்பளி என்ற பேரில் அக்ரிலிக் நூலும் விற்கிறது, லேபிளைப் படித்து சுத்தக் கம்பளி நூலாக வாங்குங்கள். நீள மஃப்ளர் மட்டும் பின்ன வேண்டாம். எதிலாவது சிக்கினால் குழந்தையின் கழுத்தை இறுக்கும். குல்லாவிலும் கோட்டிலும் தொங்கும் கயிறு கூடாது. பூட்ஸையும் மேல் உடுப்பையும் அவர்கள் இங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

குழந்தைகள் விஷயம்

சின்னக் குழந்தைக்கு நமக்குப் போடுவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். காற்றையும் சேர்த்து -28 டிகிரிபோல் உறைக்கிற நாளில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம். அப்படிப்பட்ட நாளில் வீட்டிலேயே இருங்கள். ஏரி எங்கேயும் ஓடிவிடாது. கைக்குழந்தைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது, 'குளிருது' என்று சொல்லவும் தெரியாது. அதை ஐஸ் மேல் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கட்சி.

காது, மூக்கு, கன்னம் வெளுத்து மெழுகுபோல் ஆனாலோ, 'தொட்டால் தெரியல' என்று குழந்தை சொன்னாலோ உடனே உள்ளே அழைத்துப் போங்கள். தேய்க்காதீர்கள். உங்கள் வெதுவெதுப்பான உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

இன்னொன்று, காரில் குழந்தை ஆசனத்தில் உட்காரவைக்கும்போது தடிமனான கோட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டுங்கள். கோட்டின் மேல் மாட்டினால், மோதலில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரை மாட்டிய பிறகு கோட்டை மேலே போர்த்திவிடலாம்.

ஐஸ் உடைந்தால்?

சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர், அதாவது 4 அங்குலம், தெளிந்த நீல ஐஸ் வேண்டும். வெள்ளையாக நுரைத்த ஐஸ் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிகவும் மிதமானது. போன வருஷம் நடந்த இடம்தானே என்று இந்த வருஷம் நம்பக் கூடாது. அந்த ஊரில் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்களிடம் அன்றன்றைக்கு விசாரித்துவிட்டே காலை வையுங்கள்.

நான் அடித்துச் சொல்லும் உடுப்பு இரண்டு. ஒன்று, மிதவை உடுப்பு, அதாவது உள்ளே நுரை வைத்துத் தைத்த கோட்டும் பேன்ட்டும். விலை கூடுதல்தான். முடியாவிட்டால், நுரை அடைத்த சாதாரண லைஃப் ஜாக்கெட்டைக் கோட்டின் மேல் போட்டுக்கொள்ளலாம். அரசாங்க அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'மிதக்க உதவும்' என்று மட்டும் எழுதியிருப்பது லைஃப் ஜாக்கெட் ஆகாது. இரண்டாவது, ஐஸ் முள். கைப்பிடியில் ஆணி வைத்தது, ஒரு ஜோடி. விலை அற்பம். கழுத்திலோ நெஞ்சிலோ, கைக்கெட்டும் இடத்தில் கோட்டுக்கு வெளியே இருக்கணும். பைக்குள் இருந்தால் இல்லாதது மாதிரிதான்.

மனிடோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கோர்டன் கீஸ்பிரெக்ட், தானே பலமுறை உறைநீரில் இறங்கி ஆராய்ந்தவர். அவர் கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு வாங்கும். பதறாமல் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த 10 நிமிஷம் கைகால் நம் சொல் கேட்கும். அதற்குள் வந்த வழியே திரும்பி, முள்ளை ஐஸில் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு தள்ளிப் போக வேண்டும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். ஆகவே உடனே உயிர் போய்விடும் என்று கை விட்டுவிடக் கூடாது. கோட்டையும் கழற்ற வேண்டாம். அது உடனே கீழே இழுக்காது. உள்ளே அடைபட்ட காற்று சற்று நேரம் தாங்கும்.

கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு ஏற்றினால் காற்றுப் போக வழி விட்டு வையுங்கள். மணமில்லாத கார்பன் மோனாக்ஸைடு ஆளையே கொன்றுவிடும். பாலியெஸ்டரும் ஃப்ளீஸும் அனலில் உருகித் தோலில் ஒட்டும். குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளியே உட்காரவையுங்கள்.

வீடு திரும்பியதும்

பூட்ஸின் உள்ளுறையை உருவித் தனியே காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் அடுத்த தடவை கால் விறைக்கும். கம்பளியைக் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பி உலர்த்துங்கள். உள்ளாடைக்கும் வாட்டர்ப்ரூஃப் துணிக்கும், துணியை மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது வேர்வையை வெளியேற்றும் குணத்தையும் தண்ணீர் தடுக்கும் குணத்தையும் கெடுத்துவிடும்.

போகும் நாளுக்கு முந்தின இரவே ஒவ்வொருவருக்கும் ஒரு குவியலாக எடுத்து வைத்துவிடுங்கள். முதல் அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு, மாற்றுக் காலுறை, மாற்றுக் கையுறை. குவியலின் மேலே கடைசியாக ஐஸ் முள். கதவைத் தாண்டும் முன் அது கழுத்தில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது அம்மாவின் வேலை.

அடுத்த இதழில், பிடித்து வந்த பெர்ச்சை முள் எடுத்துக் குழந்தைக்குச் சமைப்பது எப்படி என்று சொல்கிறேன்.