மடியில் கனம்

மொதல்லயே சொல்லிடறேன், நான் டெஸ்க்டாப் கட்சி. 2003ல ரிச்சி தெருவுல சுத்தி சுத்தி முதல் பொட்டிய அசெம்பிள் பண்ணின நாள்லேர்ந்து கட்சி தாவினதில்லை. அதனால இதை நடுநிலை அலசல்னு நெனச்சு உள்ள வந்தவங்க இப்பவே எழுந்து போயிடலாம், தப்பா நெனச்சுக்க மாட்டேன். ஆனா இந்த தடவை கட்சிக்காரனுக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டு போச்சு. அதைத்தான் எழுத வந்தேன்.

2025 ஜூலையில தங்கச்சிகிட்டேர்ந்து போன். அவ விழுப்புரத்துல தையல் கடை வெச்சிருக்கா. பையனுக்கு கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கெடச்சு, ஹாஸ்டல்ல சேரப் போறான்.

"அண்ணே, தம்பி ஒரு லேப்டாப் கேக்குறான். தொண்ணூத்தாறாயிரமாம். படிப்புக்கு கண்டிப்பா வேணுமாம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னீன்னா வளையலை வெச்சு வாங்கிடுவேன்."

மாடல் பேரை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா. நடுவுல 'கேமிங்' அப்படின்னு ஒரு வார்த்தை வந்து விழுந்துச்சு. ஆஹா, கதை அப்படிப் போகுதான்னு போனை மருமகன்கிட்ட குடுக்கச் சொன்னேன்.

"என்ன மாப்ள, என்னத்துக்கு இவ்ளோ பெரிய பொட்டி?"

"மாமா, எங்க டிபார்ட்மெண்ட்ல கேட் சாப்ட்வேர் எல்லாம் ஓடணும். கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியாதுன்னு சொல்றாங்க."

யார் சொன்னாங்கன்னு கேட்டா பதில் இல்லை. முதல் வருஷம் பூரா கணக்கு, இயற்பியல், வேதியியல். அப்புறம் வரையற பாடம் வந்தாலும், மாணவர்கள் போடற சின்னச் சின்ன பாகங்களுக்கு ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற கிராபிக்ஸ் தாராளமாப் போதும். இருந்தாலும் பையனைத் திட்ட மனசு வரலை. 'சி லாங்குவேஜ் கத்துக்கணும்பா'ன்னு எங்கப்பாகிட்ட சொல்லி வாங்கின பொட்டியில நான் முதல்ல ஏத்தினது வைஸ் சிட்டி. பரம்பரைப் பழக்கம், விடுங்க.

எனக்கு லேப்டாப்பே ஆகாதுன்னு இல்லை. கேமிங் லேப்டாப் மேலதான் கோவம், அதுக்குக் காரணமும் இருக்கு. எங்க அண்ணன் பையனுக்கு 2021ல, ஆன்லைன் கிளாஸ் நடந்த நேரத்துல, அறுபத்தெட்டாயிரத்துக்கு ஒண்ணு வாங்கினாங்க. ஒரு வருஷம் வாரண்டி. 2024 மே மாசம் ஒரு நாள் திரை கருப்பாச்சு, அப்புறம் வரவே இல்லை. சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். "மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தணும். முப்பத்தெட்டாயிரம் ஆகும்"னு சிரிச்சுகிட்டே சொன்னாங்க. எது போச்சுன்னு பிரிச்சுப் பாத்து அதை மட்டும் மாத்த முடியாது. ப்ராசஸர், கிராபிக்ஸ் சிப் ரெண்டையும் அதே போர்டுலயே சால்டர் பண்ணி வெச்சிருக்கான். ஒரு பல்லு வலிக்குதுன்னு போனவன்கிட்ட தாடையையே மாத்தணும்னு சொன்ன மாதிரி.

நம்ம பையன் பேர்லயும் தப்பு இருக்கு. மெத்தை மேல வெச்சு ஆடினான். காத்து உள்ள போற ஓட்டை எல்லாம் அடியிலதான் இருக்கும், மெத்தையில வெச்சா மூக்கைப் பொத்தின மாதிரி. ஆனா ஒண்ணு கேக்குறேன், பேரே மடிக்கணினி. மடியில வெக்கக் கூடாது, மெத்தையில வெக்கக் கூடாது, மே மாசம் ஃபேனுக்கு அடியில டேபிள் மேலதான் வெக்கணும், சார்ஜரைச் சொருகியே ஆடணும் (சொருகலைன்னா வேகம் பாதியாயிடும், பேட்டரியும் ஒரு மணி நேரம் தாங்கினா பெரிய விஷயம்) அப்படின்னா அது என்ன மடிக்கணினி? ரெண்டரை கிலோ பொட்டி, அதுக்கு செங்கல் சைஸ்ல சார்ஜர். மடியில் கனம் இருந்தா வழியில் பயம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

இன்னொரு வயித்தெரிச்சல் பேரு. 2023ல வந்த ஆர்டிஎக்ஸ் 4070 எடுத்துக்கோங்க. டெஸ்க்டாப்புல போடற கார்டுல 5888 கோர், 12 ஜிபி மெமரி. லேப்டாப்புல வர்ற 4070ல 4608 கோர், 8 ஜிபி. பேரு ஒண்ணு, ஆள் வேற. 4090 இன்னும் மோசம், டெஸ்க்டாப்புல 16384 கோர், லேப்டாப்புல 9728. கீழ இருக்கிற 4060ல கோர் எண்ணிக்கை ரெண்டுலயும் 3072தான், ஆனா எத்தனை வாட் குடுக்கறதுன்னு லேப்டாப் செய்யறவன் முடிவு பண்றான். ஒருத்தன் மெலிசா இருக்கணும்னு கம்மியாக் குடுப்பான், இன்னொருத்தன் தடியா செஞ்சு 115 வாட்டுக்கு மேலயும் குடுப்பான். ரெண்டு மேலயும் ஒரே ஸ்டிக்கர். ஒரு கடையில போயி "இதுல கிராபிக்ஸுக்கு எத்தனை வாட்ங்க?"ன்னு கேட்டேன். "சார்ஜர் 200 வாட் சார், சூப்பரா ஏறும்"னாரு. அவ்வ்வ்.

சரி, எங்க கட்சியோட வண்டவாளத்தையும் சொல்லணும். அசெம்பிள் பண்ணினா பாதி விலைன்னு இன்னும் சிலபேர் பேசிகிட்டு இருக்காங்க. அது அந்தக் காலம். அதே ஜூலையில நான் போட்ட கணக்கு இது. ரைசன் 5 5600, போர்டு, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, 4060 கார்டு, நல்ல எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாம் சேத்து அறுபத்திநாலாயிரம். இதோட நிறுத்திட்டு 'பாத்தியா, முப்பத்திரெண்டாயிரம் லாபம்'னு சொல்றதுதான் எங்காளுங்க வழக்கம். மானிட்டரை உங்க மாமனாரா குடுப்பாரு? மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் எல்லாம் இன்னொரு பதினாறாயிரம். ஆக எண்பது. லேப்டாப்புக்கும் இதுக்கும் பதினாறாயிரம்தான் வித்தியாசம். அதே பேர் கார்டு டெஸ்க்டாப்புல நிம்மதியா மூச்சு விட்டு ஓடும்கிறதையும் சேத்தா கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ரெண்டு ஊர் மாறி, ரூம் மாறி, ட்ரெயின்லயே வாழ்க்கை நடத்துற ஆளுங்க கேமிங் லேப்டாப் வாங்கிக்கட்டும். அவங்ககூட எனக்குச் சண்டை இல்லை.

விலையை விட்டுட்டுப் பாத்தா நான் டெஸ்க்டாப்புக்குக் கொடி பிடிக்கிறது வேற ஒரு காரணத்துக்காக. நம்ம மாதிரி வீடுகள்ல காசு மொத்தமா வராது. தீபாவளி போனஸ்ல கொஞ்சம், சீட்டு எடுத்தா கொஞ்சம், கல்யாண சீசன்ல ஜாக்கெட் தெச்சு கொஞ்சம்னு துண்டு துண்டாத்தான் வரும். மொத்தமா வேணும்னா வளையலை வெக்கணும். டெஸ்க்டாப் துண்டு துண்டா வாங்கலாம், துண்டு துண்டாக் கெடும், துண்டு துண்டா மாத்தலாம். என் பொட்டியையே எடுத்துக்கோங்க. 2018ல ரைசன் 5 2600, பி450 போர்டு, ரெண்டு 4 ஜிபி ராம், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜிடிஎக்ஸ் 1060. 2020ல ராமை மாத்தினேன். 2022ல பயாஸை அப்டேட் பண்ணிட்டு அதே போர்டுல புதுசா 5600 ப்ராசஸர். அடுத்த வருஷம் கார்டு. நடுவுல எஸ்எம்பிஎஸ் ஒரு தடவை புகைஞ்சுது, வாரண்டி இருந்ததால வேற குடுத்துட்டான். தங்கமணிக்கு இதுல எதுவும் தெரியாது. (இப்பத் தெரிஞ்சிருக்கும்.) எந்த மாசமும் பதினெட்டாயிரத்துக்கு மேல கையை விட்டுப் போகலை.

இந்தப் பிரசங்கத்தை எல்லாம் மருமகன் சென்னைக்கு வந்தப்போ மொட்டை மாடியில உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் நடத்தினேன். பொறுமையாக் கேட்டான். கடைசியில சொன்னான்.

"எல்லாம் சரி மாமா. ஆனா ஹாஸ்டல்ல டெஸ்க்டாப் வெக்க விடமாட்டாங்க. ரூமுக்கு மூணு பேரு, ஒரே டேபிள். சீனியருங்க சொன்னாங்க, ராத்திரி எல்லாரும் சேந்துதான் ஆடுவாங்களாம். என்கிட்ட மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

ஜூலையில போன்ல கேட் சாப்ட்வேர்னு சொன்னவன், மாடியில உண்மையைச் சொல்லிட்டான். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. எனக்குப் பொட்டி வர்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வருஷம் பிரெண்டு வீட்டுல அவன் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுகிட்டே ரோட் ராஷ் பாத்தவன் நான். 'ஒரே ஒரு கேம் குடுடா'ன்னு கேக்கவும் கூச்சம், வீட்டுக்குப் போகவும் மனசில்லை. அந்த நாற்காலியோட முதுகுல இருந்த ரெக்சின் கிழிசல் கூட இன்னும் ஞாபகம் இருக்கு. இவ்வளவும் தெரிஞ்ச நான், வாட், கோர்னு இவன்கிட்ட பேசிகிட்டு இருக்கேன்.

அதுக்காக வளையலை வெக்கச் சொல்ல முடியுமா? பதினெட்டு வயசுப் பையனோட கூச்சமும் நிஜம், அவங்கம்மாவோட முதுகுவலியும் நிஜம். முடிவா நான் சொன்னது இதுதான். காலேஜுக்கு ஒரு சாதாரண லேப்டாப், நாப்பத்தாறாயிரம், 16 ஜிபி ராம், ஒண்ணரை கிலோ, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சீட்டுப் பணம் முப்பதாயிரம் அவ போட்டா, மிச்சம் நான். பசங்க ஆடற வாலரண்ட் மாதிரி ஆட்டமெல்லாம் செட்டிங்கைக் கொறச்சு வெச்சா இதுலயே ஓடும். நாற்காலிக்குப் பின்னாடி நிக்க வேண்டாம். பொங்கலுக்கு வீட்டுல ஒரு டெஸ்க்டாப் கட்டிடலாம், லீவுல வந்து ஆசை தீர ஆடுன்னு வாக்கும் குடுத்தேன். பையன் மூஞ்சி பெருசா மலரலை. ஆனா சரின்னான்.

இங்கதான் கட்சிக்கு ஆட்டம் கண்டது. 2025 கடைசியில ராம் விலை பிச்சுகிட்டுப் போச்சு. ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிகிட்டுப் போக, நமக்கு மிச்சமே இல்லை. டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, க்ரூசியல்ங்கிற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ராம் விக்கிற தொழிலையே நிறுத்தப் போறதா அறிவிச்சுது. ஜூலையில நான் மூவாயிரத்து ஐநூறுன்னு எழுதி வெச்சிருந்த 16 ஜிபி, ரெண்டு மடங்கைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. துண்டு துண்டா வாங்கலாம்னு பெருசாப் பேசினேனே, காத்திருந்தா துண்டோட விலை ஏறும்கிறதை யோசிக்கலை. மொத்தமா வாங்கினவன் ஜூலையிலயே தப்பிச்சான். மருமகன் போன் பண்ணி "மாமா, ராம் விலை பாத்தீங்களா?"ன்னு ரொம்ப பவ்யமாக் கேட்டான். பவ்யம்தான் வலிச்சுது.

வாக்கு குடுத்தாச்சே. பரண்ல ஏறினேன். பழைய 2600 ப்ராசஸர், 1060 கார்டு, ரெண்டு 4 ஜிபி ராம் எல்லாம் பெட்டியிலயே தூங்கிகிட்டு இருந்துச்சு. 1060க்கு 2025 அக்டோபரோட புது ஆட்டங்களுக்கான டிரைவர் நின்னுடுச்சு, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 வரைக்கும் வரும். இருக்கட்டும், ஜிடிஏ 5 அது பாட்டுக்கு ஓடும். அண்ணன் வீட்டு பீரோவுல செத்துக் கெடந்த கேமிங் லேப்டாப்பைத் தொறந்தேன். அறுபத்தெட்டாயிரத்துல உயிரோட இருந்தது எஸ்எஸ்டி ஒண்ணுதான். அதைக் கழட்டிகிட்டேன். ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்ட் போர்டு மூவாயிரத்து ஐநூறு. அந்த விலைக்கு நாலு ராம் ஸ்லாட் உள்ளதாத் தேடி எடுக்க அரை நாள் ஆச்சு, விலை எறங்கினா சேத்துக்கலாம்ல. எஸ்எம்பிஎஸ் மட்டும் புதுசு. அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க மக்கா, கேபினட்டோட இலவசமா வர்றதை நம்பி கார்டைச் சொருகாதீங்க.

2026 பொங்கலுக்கு விழுப்புரம் போனோம். தங்கச்சியோட கட்டிங் டேபிள்ல துணியை ஒதுக்கிட்டு எல்லாத்தையும் பரப்பினோம். ப்ராசஸரை வெக்கிறதை மருமகனையே பண்ணச் சொன்னேன். கை நடுங்கிச்சு, மூச்சைப் பிடிச்சுகிட்டு எறக்கினான். தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு, கூலர், ராம், கார்டு. வயர் எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்ணுமில்லை.

ராமைக் கழட்டி மாட்டினேன். பயாஸ் பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். கார்டைத் தொடைச்சுத் திரும்பச் சொருகினேன். அரை மணி நேரம் போச்சு. தங்கச்சி கழுத்துல டேப்போட நின்னுகிட்டு, "என்னண்ணே, பழசுங்கிறதால கெட்டுப் போச்சா?"ன்னா. எனக்கு வேர்த்துக் கொட்டுது. போர்டுக்காரனை மனசுக்குள்ள திட்ட ஆரம்பிச்சிருந்தேன்.

மருமகன் பொட்டிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்துகிட்டு இருந்தவன், மெதுவா எட்டிப் பாத்து, அதே பவ்யத்தோட சொன்னான்.

"மாமா, மானிட்டர் கேபிளை போர்டுல சொருகியிருக்கீங்க. இந்த ப்ராசஸர்ல கிராபிக்ஸ் கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க. கார்டுல மாத்தட்டுமா?"